ஆயிரத்து நானூறு டன்

1987 மார்ச் மாதத்தில் மூன்று நாட்கள், காந்திமதி தான் ஏதோ ஒரு ரகசிய அரசாங்கத் திட்டத்தை டைப் அடித்துக்கொண்டிருப்பதாக நம்பினாள்.

மேற்குத் தாம்பரம் மார்க்கெட் தெருவில், பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் அவளுடைய ஜாப் டைப்பிங் கடை இருந்தது. தமிழுக்கு ஒரு மெஷின், இங்கிலீஷுக்கு ஒன்று, மூலையில் ஸ்டென்சிலிலிருந்து காப்பி எடுக்க ஒரு சைக்ளோஸ்டைல் மெஷின். பட்டா மனுவும் கல்யாண ஜாதகமும் மாணவர்களின் ஆய்வேடும் அங்கே வரும். அவள் பி.எஸ்சி. பிசிக்ஸ் படித்தவள். இரண்டாம் வகுப்பில் தேறி, ஒன்பது வருடம் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவைப் புதுப்பித்து, கடைசியில் டைப்பிங் ஹயர் பாஸ் செய்ததுதான் சோறு போட்டது. கணவர் அப்பாதுரைக்கு மின்சார ரயில் பணிமனையில் ஃபிட்டர் வேலை.

கேசவன் என்று பெயர் சொல்லிக்கொண்டு வந்தவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். குரோம்பேட்டையில் வீடு, ஒரு பம்ப் கம்பெனியில் இன்ஜினியர். அறுபத்து நாலு பக்கம் கையெழுத்துப் பிரதியை மேஜைமேல் வைத்தார். ஸ்டென்சிலில் அடிக்க வேண்டும், பத்து காப்பி வேண்டும், சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்.

முதல் பக்கத்தில் 'கலத்தின் எடை' என்றிருந்தது. இரண்டாம் பக்கத்தில் 'பயணிகள் ஆறு பேர். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஆக்சிஜன் 840 கிராம்.' பயணம் சனிக் கிரகத்தின் பெரிய நிலாவான டைட்டனுக்கு. போக மட்டும் நானூற்று இருபது நாள். பதினெட்டாம் பக்கத்தில், 'இருபதுக்குள் வாய்ப்பு எண் மூன்றுக்குக் கீழ் வந்தால் சுவரில் துளை விழும்' என்றிருந்தது. அவள் கல்லூரியில் படித்த நிகழ்தகவுப் பாடத்தை நினைத்துக்கொண்டாள். 'தலைவர் இறந்தால்' என்று ஒரு தலைப்பு வந்தபோது அவள் எழுந்து வாசலை எட்டிப் பார்த்தாள். கதவைத் தாழிட்டுக்கொண்டு அடித்தாள்.

சாப்பிடும்போது கணவரிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"ராக்கெட் வுடறவன் நம்ம கடைக்கு இன்னாத்துக்கு வரான்? அவன்கிட்ட டைப் மிஷின் கெடயாதா?" என்றார் அப்பாதுரை.

"ஆபீஸுக்குள்ளயே அடிச்சா யாராவது பாத்துடுவாங்கன்னு வெளிய குடுத்திருக்கலாம்."

"வெளிய குடுத்ததுல தானே இப்ப நான் கேட்டுகினு கீறேன்."

அவளுக்கு அப்போதும் நம்பிக்கை போகவில்லை. மாமியார் கிளியம்மாள் காதில் விழுந்தது ஒரே ஒரு வார்த்தைதான். "சனியா? அவனே வூடு தேடி வருவான். அவனைத் தேடிகினு யாரு போறது?" என்று கேட்டுவிட்டுக் கையைக் கழுவப் போனாள்.

சனிக்கிழமை கேசவன் வந்தபோது, காந்திமதி டைப் செய்த பக்கங்களை அவர் முன் தள்ளாமல் தன் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"சார், ஒரு சந்தேகம். ஒரு ஆளுக்குத் தண்ணி மூணு லிட்டர். ஆறு பேர், நானூத்திருபது நாள். ஏழாயிரத்து ஐநூத்தி அறுபது லிட்டர் வருது. பக்கம் முப்பத்தொண்ணுல டேங்க் எண்ணூறு லிட்டர்னு இருக்கு. எதை சரின்னு எடுத்துக்கறது?"

கேசவன் அவளைப் பார்த்தார். "ரெண்டும் சரிதான் மேடம். அதே தண்ணியைத்தான் சுத்தம் பண்ணித் திரும்பக் குடிப்பாங்க."

"எந்தத் தண்ணியை?"

"எல்லாத் தண்ணியையும்."

அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் அடுத்த கேள்வி வந்தது. அந்தக் கோடையில் தாம்பரத்தில் குழாயில் காற்றுதான் வந்துகொண்டிருந்தது. லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுத்தான் அவள் கடைக்கே வந்திருந்தாள். "மூணு லிட்டர் குடிக்கிறதுக்கும் சமையலுக்கும் சரி. பாத்திரம் கழுவ? துணி? குளிக்கவே மாட்டாங்களா சார், பதினாலு மாசம்?"

கேசவன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து ஓரத்தில் எதையோ குறித்துக்கொண்டார். அந்த மரியாதையில் தைரியம் வந்து அவள் கேட்டாள். "எப்ப சார் கிளம்புது?"

"எது?"

"இந்தக் கலம்."

அவர் சிரிக்கவில்லை என்பதைக் காந்திமதி பிற்பாடு பல தடவை நினைத்துக்கொண்டாள். "அது எங்கயும் கிளம்பாது மேடம். இது ஒரு விளையாட்டு. இதெல்லாம் அதோட விதிகள்."

அவளுக்கு முகம் சுட்டது. அப்பாடா என்று இருந்ததா, ஏமாந்துபோனது போல இருந்ததா என்று அவளால் சொல்ல முடியவில்லை. விளையாட்டுக்கு எதற்கு ஆக்சிஜனைக் கிராம் கணக்கில் எழுத வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

"பொய்யா இருந்தா விளையாட்டுல சுவாரசியம் இல்லையே," என்றார் கேசவன்.

இந்தப் பதில் அவளுக்குச் சுத்தமாக விளங்கவில்லை. விளையாட்டே பொய்தானே.

கேசவன் இரண்டு வருடம் ஜெர்மனியில் பயிற்சிக்குப் போயிருந்தார். அங்கே விடுதியில் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து இந்த மாதிரி ஒன்றை விளையாடினார்கள். அவர்களுடையதில் பூதமும் வாளும் வரும். அவருக்கு அது பிடிக்கவில்லை, உட்கார்ந்து பேசும் விதம் மட்டும் பிடித்துப்போயிற்று. ஊருக்குத் திரும்பும்போது இருபது முகம் கொண்ட பகடை இரண்டு வாங்கிவந்தார். பூதமில்லாமல், விஞ்ஞானம் ஒப்புக்கொள்ளாத எதுவும் இல்லாமல், தமிழிலேயே ஒன்றை எழுத அவருக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. விதிகள் படித்தால் புரிகிறதா என்று பார்க்க வெளியாள் ஒருவர் தேவை, ஒரு ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா என்று கேட்டார்.

பகடை என்றதும் கிளியம்மாள் சூதாட்டம் என்றே முடிவுகட்டினாள். அதனால் முதல் தடவை அப்பாதுரையும் கூடப் போனார்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் குப்புராஜ் வீட்டு மொட்டைமாடியில் ஓடு வேய்ந்த ஒரு அறை. குப்புராஜ் அந்த ஊரின் பழைய குடும்பம். அப்பா காலத்தில் நெல் விளைந்த நிலத்தை இவர் மனை மனையாகக் கல் நட்டு விற்றுக்கொண்டிருந்தார். எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. கேசவனுக்கு மனை காட்டப் போய்ப் பழக்கமானவர். இன்னொருவர் சவுரிமுத்து, பல்லாவரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியர். கலத்தின் தலைவர் குப்புராஜ். டாக்டர் சவுரிமுத்து. மற்ற நாலு பயணிகளும் பெயரளவில் இருந்தார்கள். என்ன நடக்கிறது என்று சொல்வதும், விதியைப் பார்த்துத் தீர்ப்பளிப்பதும் கேசவன் வேலை. மற்றவர்கள் தாங்கள் செய்வதை வாயால் சொல்வார்கள், அது பலிக்குமா என்பதைப் பகடையில் விழும் வாய்ப்பு எண் தீர்மானிக்கும்.

பலகை இல்லை, காய் இல்லை. மூன்று பெரிய மனிதர்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்து பேசினார்கள்.

"நான் கதவத் தொறக்கறேன்," என்றார் குப்புராஜ்.

காந்திமதி அறைக் கதவைப் பார்த்தாள். அது திறந்துதான் இருந்தது.

"அடுத்த அறைல புகை இருக்கு. சமையலறைல எண்ணெய் பத்திக்கிச்சு. தீ மேல்தட்டு வரைக்கும் எரியுது," என்றார் கேசவன்.

அப்பாதுரை சுற்றுமுற்றும் மோப்பம் பிடித்தார். சவுரிமுத்து பகடையை உருட்டப் போனபோது, வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே காந்திமதி வாயைத் திறந்துவிட்டாள்.

"இன்ஜின் ஓடாதப்ப கலத்துக்குள்ள எடை இல்லைன்னு பக்கம் அஞ்சுல இருக்கே சார். எடை இல்லன்னா சூடான காத்து மேல ஏறாது. தீயும் மேல போகாது. உருண்டையா நின்னு, சுத்தி இருக்கற ஆக்சிஜன் தீர்ந்ததும் தானா அணையும். இல்ல?"

கேசவன் விதிப்புத்தகத்தை மூடினார். ரொம்ப நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு, "தீ அணைஞ்சிடுச்சு," என்றார்.

"இன்னாபா இது, ஒரு பக்கெட் தண்ணி ஊத்தறதுக்குள்ள அணைஞ்சி பூடுச்சா?" என்று குப்புராஜ் குறைப்பட்டுக்கொண்டார். ஆனால் மூன்று பேரும் அவளை ஒரு மாதிரி பார்த்தார்கள். அடுத்த ஞாயிறு முதல் அவள் பரிசோதகர் ஆனாள். விளையாட மாட்டாள், ஓரமாக நோட்டோடு உட்கார்ந்து, நடக்கிறது நடக்கக்கூடியதுதானா என்று பார்ப்பாள். அலமாரியின் அடித்தட்டிலிருந்து கல்லூரிப் புத்தகங்கள் வெளியே வந்தன. பத்து வருடமாக யாரும் அவளிடம் பிசிக்ஸ் கேட்டதில்லை.

அது அவளுக்குச் சந்தோஷம்தான். குழப்பமும் அங்கேதான் ஆரம்பித்தது. கலத்தின் இன்ஜின் சூரியனில் நடப்பதுபோல அணுக்களைச் சேர்த்து ஓடுவது. அப்படி ஒரு இன்ஜினை உலகத்தில் யாரும் செய்ததில்லை. அது இருக்கிறது என்று மூன்றாம் பக்கத்தில் ஒரே வரியில் எழுதிவிட்டு, அறுபத்தோரு பக்கம் தண்ணீரையும் காற்றையும் சொட்டுச் சொட்டாகக் கணக்குப் பார்ப்பது என்ன நியாயம் என்று அவள் கேசவனைக் கேட்டாள்.

"ஒரு பொய் சொல்லலாம் மேடம். ஆரம்பத்துலயே சொல்லிடணும். அதுக்கப்புறம் சொல்லக்கூடாது."

"ஒண்ணுன்னு யார் சொன்னது? ரெண்டு ஏன் கூடாது?"

கேசவன் யோசித்தார். "ரெண்டாவது சொன்னா முதலாவதும் கெட்டுப்போயிடுது."

இதை அவள் கணவரிடம் ஒப்பித்து, என்ன அர்த்தம் என்று கேட்டாள். அப்பாதுரை தன் வேலையிலிருந்து ஒரு விளக்கம் கொடுக்கப் பார்த்தார். சிக்னலில் பச்சை விழுந்தால் போகலாம் என்பது நாமாக வைத்துக்கொண்டதுதான், பச்சைக்கும் ரயிலுக்கும் என்ன சம்பந்தம், ஆனால் வைத்துக்கொண்டபிறகு மாற்றினால் ஆள் சாவான். கேட்கும்போது சரியாக இருந்தது. படுத்தபிறகு யோசித்தால் பொருந்தவில்லை.

1988 மே மாதத்தில், பதினாலு மாத ஞாயிறுகளுக்குப் பிறகு, கலம் டைட்டனை நெருங்கியது. அதுவரை எரிபொருளை யாரும் மொத்தமாகக் கூட்டிப் பார்க்கவில்லை. கிளம்பும்போது செலவானது, நிறுத்தச் செலவாவது என்று தனித்தனியாகப் போட்டிருந்தார்கள். காந்திமதி கூட்டினாள். வேறு வேறு விதமாக மூன்று தடவை கூட்டினாள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் டீ குடித்து முடிக்கும்வரை காத்திருந்து சொன்னாள்.

"மொத்தம் ஆயிரத்து நானூறு டன். கிளம்ப அறுநூறு ஆச்சு. அங்க நிறுத்த ஐநூறு. மிச்சம் முன்னூறு. திரும்பி வர எப்படிப் பாத்தாலும் எழுநூறு வேணும்."

"அப்டின்னா?" என்றார் குப்புராஜ்.

"போகலாம். திரும்பி வர முடியாது அண்ணா."

கேசவன் விதிப்புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். ஆயிரத்து நானூறு என்றுதான் இருந்தது. நேரம் கொடுங்கள் என்று கேட்டு வீட்டுக்கு எடுத்துப் போனார். அடுத்த ஞாயிறு, காய்ச்சல் வந்தவர் போல வந்தார். கணக்கு சரி என்றார். எழுதும்போது அவ்வளவு பார்த்துப் பார்த்துப் போட்டும் எங்கே கோட்டைவிட்டேன் என்று தெரியவில்லை என்றார்.

"அதுக்கு இன்னாபா, இன்னொரு டேங்கு கீதுன்னு எழுதிக்க. யாரு வந்து பாக்கப் போறான்?" என்றார் குப்புராஜ்.

"அப்படிச் செய்யக்கூடாது," என்றார் சவுரிமுத்து.

"ஏன்? ஆறு பேரு சாவணுமா?"

"இது என்ன உன் லேஅவுட் பிளானா, பதினஞ்சு அடி ரோட்டை இருபத்தஞ்சுன்னு வரைஞ்சு காட்டறதுக்கு?"

குப்புராஜ் காலி டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தார். தட்டோடு கீழே இறங்கினார். திரும்பி மேலே வரவில்லை. அரைமணி நேரம் பார்த்துவிட்டு மற்றவர்கள் படியிறங்கியபோது அவருடைய மனைவி சாமுண்டீஸ்வரி, அவர் ஸ்கூட்டர் எடுத்துக்கொண்டு பெரும்பாக்கம் போய்விட்டதாகச் சொன்னாள். அடுத்த ஞாயிறும் வெளியே போயிருக்கிறார் என்றாள். அதற்கடுத்த ஞாயிறு யாரும் போகவில்லை.

காந்திமதிக்கு யார்மேல் வருத்தப்படுவது என்று தெரியவில்லை. அவள் சரியாகத்தான் கூட்டினாள். சரியாகக் கூட்டியதில், இல்லாத ஆறு பேர் இல்லாத ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டார்கள். இருக்கிற நாலு பேர் பேசிக்கொள்வதில்லை. சவுரிமுத்துவை ஒருநாள் ரயிலில் பார்த்தாள். "நான் சொன்னது சரிதானே?" என்று அவர் கேட்டார். சரிதான் என்றாள். "அப்ப ஏன் எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது?" என்று கேட்டுவிட்டு அவர் பல்லாவரத்தில் இறங்கிப்போனார்.

நவம்பர் மழையில் கடையின் கூரை ஒழுகியது. அலமாரியை நகர்த்தும்போது பின்னாலிருந்து ஈரமான ஒரு கட்டு விழுந்தது. கேசவனின் கையெழுத்துப் பிரதி. டைப் ஆனபிறகு அவர் கேட்கவில்லை, கணக்கு இடித்தபோதும் அவருக்கு அதன் ஞாபகம் வரவில்லை, அவளும் மறந்துவிட்டாள். காயவைப்பதற்காகப் பக்கம் பக்கமாகப் பிரித்துக் கொடியில் போட்டாள். பதினோராம் பக்கத்தைப் போடும்போது கண் நின்றது. எரிபொருள்: 4100 டன்.

ஸ்டென்சில் காப்பியை எடுத்துப் பக்கத்தில் பிடித்தாள். எரிபொருள்: 1400 டன்.

நாலும் ஒன்றும் இடம் மாறியிருந்தன. மாற்றியது அவள் விரல்தான். ரகசியம் என்று நம்பி, வாசலைப் பார்த்துப் பார்த்து அடித்த அந்த மூன்று நாட்களில் எப்போதோ.

அன்றைக்கு அவள் வேறு வேலை எதுவும் செய்யவில்லை. முதலில் வந்தது வெட்கம். பிறகு நிம்மதி: நாலாயிரத்து நூறு டன் இருந்தால் ஆறு பேரும் திரும்பிவிடலாம். உடனே போய்ச் சொல்லிவிடலாம் என்று செருப்பைக்கூட மாட்டிவிட்டாள். படியில் கால் வைத்தபோதுதான் பிசிக்ஸ் குறுக்கே வந்தது. இரண்டாயிரத்து எழுநூறு டன் கூடுதல் என்றால் கலம் அத்தனை கனம். அதைத் தள்ள அறுநூறு டன் போதாது. வேகம் மாறும், நாள் மாறும். அந்த அறுநூறை வைத்து நானூற்று இருபது நாளில் போயிருக்க முடியாது. அப்படியானால் பதினாலு மாதமாக அந்த மாடியில் நடந்த எதுவுமே நடந்திருக்க முடியாது. கையெழுத்து சரி என்றால் நடந்தது பொய். நடந்தது நிஜம் என்றால் அவளுடைய பிழைதான் நிஜம்.

அவள் மறுபடியும் மேலே ஏறி உட்கார்ந்தாள்.

மறுநாள் அப்பாதுரையிடம் சொன்னாள். அவர் ஒரே கேள்வி கேட்டார். "தப்பு பண்ணது நீன்னு யாருக்கும் தெரியாதுல்ல?"

"தெரியாது."

"அப்ப சொல்லப் போறியா?"

"சொல்லாம எப்படி?"

"அதானே," என்றார் அவர். சைக்கிளில் காற்று இருக்கிறதா என்று பார்க்கப் போனார்.

முதலில் குப்புராஜிடம் சொல்ல வேண்டும் என்று பட்டது. பெரும்பாக்கத்தில் மழைத் தண்ணீர் நின்ற ஒரு நிலத்தின் ஓரத்தில், கீற்றுக் கொட்டகையில் அவர் உட்கார்ந்திருந்தார். மனை பார்க்க வந்தவர்கள் சேற்றைப் பார்த்துத் திரும்பிப்போயிருந்தார்கள். அவள் இரண்டு பக்கங்களையும் அவர்முன் வைத்து, நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தாள். அவர் முகம் கறுத்தது.

"இத்த இன்னாத்துக்குக்கா இப்ப கொண்டாந்த?"

"நீங்க எல்லாரும் திரும்பி வந்துடலாம் அண்ணா."

"யாரு வரது?" குப்புராஜ் பெஞ்சுக்கு அடியிலிருந்து ரெக்சின் பையை எடுத்தார். அதற்குள் நிலப் பத்திரங்களின் நடுவே ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. "எறங்கி ஆறு மாசம் ஆச்சி. டைட்டன்ல கீறோம்."

அவர் தனியாக விளையாடிக்கொண்டிருந்தார். கேசவனின் பகடைகளில் ஒன்று அவர் வீட்டிலேயே தங்கிவிட்டிருந்தது. தாம்பரம் நூலகத்துக்குப் போய், அங்கிருந்தவரிடம் டைட்டனைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அந்த நூலகர் ஒரு கலைக்களஞ்சியத்திலிருந்து தமிழில் சொல்லச் சொல்ல இவர் எழுதிக்கொண்டார். அங்கே தரையே பனிக்கட்டி, அதை உருக்கினால் தண்ணீர், தண்ணீரைப் பிரித்தால் மூச்சுக்காற்று. மிச்சமிருக்கும் முன்னூறு டன்னில் இன்ஜின் எத்தனை வருடம் விளக்கும் சூடும் கொடுக்கும் என்று தேதி போட்டு, சின்னச் சின்ன எழுத்தில் எழுதியிருந்தார். எழுத்துப் பிழைகள் நிறைய. கணக்கில் பிழை இருப்பதாக அவளுக்குத் தெரியவில்லை.

"ஒரு ஆளு செத்துட்டான்," என்றார்.

"யாரு?"

குப்புராஜ் சாலையைப் பார்த்தார். "டாக்டரு. சவுரி. வெளிய போனப்ப உடுப்புல சூடு வுட்டுப்போச்சி. வாய்ப்பு எண்ணு ரெண்டு வியுந்துச்சி. நான் மட்டும்தான் கீறேன், யாரும் பாக்கல. இன்னொரு தபா உருட்டிருக்கலாம். உருட்டல."

"ஏன் அண்ணா?"

"தெர்லக்கா." நோட்டை மூடி மறுபடி பைக்குள் வைத்தார். "ரெண்டு மாசமா வரலாம் வரலாம்னுதான் கீது. வந்தா அவன் கேப்பான். கோவத்துல கொன்னுட்டேன்னு நெனப்பான். இன்னான்னு சொல்றது?"

அவளுக்கும் தெரியவில்லை. வரும் ஞாயிறு எல்லோரையும் வரச்சொல்கிறேன் என்று மட்டும் சொன்னாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்த ஞாயிறு கேசவன் கையெழுத்துப் பக்கத்தை வாங்கி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மூக்குக்குக் கிட்டே வைத்துப் படித்தார். "நான் சரியாத்தான் போட்டிருக்கேன்," என்றார். மறுபடியும் சொன்னார். அவர் குரல் உடைந்தது. ஆறு மாதமாக ஆபீஸில்கூட ஒவ்வொரு டிராயிங்கையும் நாலு தடவை பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டதாகவும், தன் மூளையில் ஏதோ கோளாறு என்று நினைத்ததாகவும் சொன்னார். காந்திமதி மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தாள். அவர் கையை அசைத்து அதைத் தடுத்தார்.

"அப்ப நாலாயிரத்து நூறுதான் சரி. முதல்லேர்ந்து போடலாம்," என்றார்.

"அது எப்படி?" என்றார் சவுரிமுத்து. "நாம போனது ஆயிரத்து நானூறுல. எழுதி வெச்சது வேற, நடந்தது வேற."

"நடந்ததா? எதுவும் நடக்கல சவுரி."

"நடக்கலன்னா நீ ஏன் அழறே?"

கேசவன் கண்ணைத் துடைத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். சவுரிமுத்து குப்புராஜின் பக்கம் திரும்பினார். ஆறு மாதம் கழித்து அவர் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான். "நீ தலைவர். நீ சொல்லு."

குப்புராஜ் நோட்டை எடுத்தார். சொல்வதற்குப் பதில் படித்தார். இறங்கிய நாள், பனிக்கட்டி உருக்கிய நாள் என்று தட்டுத்தடுமாறிப் படித்துக்கொண்டே வந்து, நூற்றுப் பன்னிரண்டாம் நாளில் நிறுத்தினார். பிறகு அதையும் படித்தார்.

சவுரிமுத்து அசையாமல் கேட்டார். "வாய்ப்பு எண் எவ்வளவு?"

"ரெண்டு."

"எவ்வளவு வரணும்?"

"நாலு."

"எங்க வெச்சீங்க?"

"ஐஸ்லதான். வெட்டி எடுக்க நாலு நாளாச்சி. சிலுவை ஒண்ணு நட்டோம். ராடு ரெண்டு வெல்டிங் வெச்சி."

"அங்க வெல்டிங் பண்ண முடியுமா?" என்று சவுரிமுத்து காந்திமதியைப் பார்த்துக் கேட்டார்.

அவள் யோசித்தாள். அங்கே காற்றில் ஆக்சிஜன் இல்லை. ஆனால் மின்சாரத்தால் வெல்டிங் செய்ய ஆக்சிஜன் தேவையில்லை. "முடியும் சார்," என்றாள்.

"அப்ப சரி," என்றார் சவுரிமுத்து. கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு குப்புராஜின் முழங்காலில் கையை வைத்து, அதை எடுக்காமலே இருந்தார்.

அதற்குப்பின் நாலாயிரத்து நூறைப் பற்றி யாரும் பேசவில்லை. டாக்டர் செத்தது செல்லும் என்றால் ஆயிரத்து நானூறும் செல்லும். காந்திமதிக்கு மட்டும் இது பிடிபடவில்லை. தண்ணீரில் அரை லிட்டர் தப்பு வந்தாலும் விடாதவர்கள், இரண்டாயிரத்து எழுநூறு டன் தப்பை விட்டுவிட்டார்கள். இது அந்த இரண்டாவது பொய் இல்லையா என்று கேசவனிடம் கேட்டாள்.

"பொய் இல்ல மேடம், பிழை," என்றார் அவர்.

"வித்தியாசம் என்ன?"

"எனக்கும் சரியாத் தெரியல."

இனி ஓரமாக உட்காரக்கூடாது என்று அவர்கள் அவளையும் உள்ளே இழுத்தார்கள். பெயரளவில் இருந்த நாலு பயணிகளில் ஒருத்தி அவள் ஆனாள். தண்ணீர் பொறுப்பு. சவுரிமுத்து வேறொரு பயணியை எடுத்துக்கொண்டார். டைட்டனில் மூன்றரை வருடம் ஓடியது. காந்திமதி தொட்டியைப் பார்ப்பாள், வடிகட்டியை மாற்றுவாள், கணக்கு எழுதுவாள். வேறு எதையும் செய்ய அவளுக்குத் தோன்றவில்லை. கேசவன் "நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்கும்போதெல்லாம் அவள் சட்டென்று தொட்டி என்று சொல்லிவிடுவாள். எது முடியும், எது முடியாது என்று அவளால் சொல்ல முடியும். எது வேண்டும் என்று அவளை யாரும் அதிகம் கேட்டதில்லை.

1992 மே மாதம் கேசவனுக்குப் பூனாவுக்கு மாற்றல் வந்தது. கடைசி ஞாயிறு. கீழே சாமுண்டீஸ்வரி வடை போட்டுக்கொண்டிருந்தாள். குப்புராஜ் தன் முறையை முடித்தார், சவுரிமுத்து முடித்தார்.

"மேடம், நீங்க?"

தொட்டி என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. "வெளிய போறேன்," என்றாள்.

மூவரும் நிமிர்ந்தார்கள்.

"உடுப்பு?" என்றார் கேசவன்.

"போட்டிருக்கேன். அங்க காத்தழுத்தம் நம்மளைவிட ஒண்ணரை மடங்கு. அதனால உடம்புக்கு ஒண்ணும் ஆகாது. சூடும் மூச்சும் இருந்தாப் போதும். ரெண்டும் ஆறு மணி நேரத்துக்கு இருக்கு."

"எதுக்குப் போறீங்க?"

"தெரியல சார்."

"எவ்வளவு தூரம்?"

"கலம் கண்ணுக்குத் தெரியாத வரைக்கும்."

கேசவன் சொல்ல ஆரம்பித்தார். ஆரஞ்சு நிற மூட்டம், மாலை மங்கல்போல வெளிச்சம். எடை ஏழில் ஒரு பங்கு என்பதால் ஒவ்வொரு அடியும் மெதுவாக மேலே போய் இறங்குகிறது. திரும்பிப் பார்த்தால் கலத்தின் விளக்கு ஒரு புள்ளி. இன்னும் நடந்தால் அதுவும் இல்லை. காந்திமதி கண்ணை மூடவில்லை. எதிரே சுவரில் பெயர்ந்த சுண்ணாம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மூச்சு வேகமாக வந்தது. அது பயமா, வேறு எதுவுமா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அதற்குள் கேசவனை அழைத்துப்போக ஆட்டோ வந்துவிட்டது. பகடையை உருட்டவில்லை. எல்லோரும் அவசர அவசரமாக எழுந்து வடையைப் பொட்டலம் கட்டினார்கள். கேசவன் அவள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு ஏறிக்கொண்டார்.

அப்பாதுரை தெருமுனையில் சைக்கிளோடு நின்றிருந்தார். அவள் பின்னால் உட்கார்ந்தாள்.

"முடிஞ்சிடுச்சா?"

"நான் வெளிய போயிருந்தேன், ஆறு மணி நேரத்துக்குக் காத்தோட. அதோட எழுந்துட்டாங்க."

"திரும்பி வந்தியா இல்லியா?"

"அதைத்தான் யாரும் சொல்லல."

அவர் கொஞ்ச தூரம் மிதித்தார். கேம்ப் ரோடு வளைவில் பஸ்ஸுக்கு ஒதுங்கி நின்றபோது, "ஆறு மணி நேரத்துக்குக் காத்து கீதுன்ன இல்ல?" என்று கேட்டார்.

"இருக்கு."

"அப்ப பரவால்ல," என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி ஏறி மிதித்தார்.